அங்காடியும் அன்னமும்

சென்னை நகரின் தென்பகுதியில், மயிலாப்பூரைக் கடந்து மந்தைவெளி வழியாக அடையாற்றங்கரை வரை செல்லும் பறக்கும் ரயிலின் தூண்களுக்கு அடியில், கருநிறம் கொண்டு அசைவற்றுக் கிடக்கும் ஒரு நீர்த்தடத்தை நாள்தோறும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கடந்து போகிறார்கள். அந்தத் தடம் பசித்த மனிதர்களின் கைகளால், அவர்களுக்கு அன்றாடம் கொஞ்சம் தானியம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே வெட்டப்பட்டது என்ற செய்தியை அறிந்தவர்கள் அவர்களுள் மிகச் சிலரே. வடக்கே கூவத்தையும் தெற்கே அடையாற்றையும் இணைக்கும், ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கால்வாய்ப் பகுதி, தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் நடுக்கத்தோடு நினைவுகூர்ந்த மகா க்ஷாமத்தின்போது, 1877-78-ஆம் ஆண்டுகளில், நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. அப்போது சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரே பின்னர்க் கால்வாய் முழுமைக்கும் நிலைத்தது. மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

உணவை விளைவிப்பது, அதை விற்பது, பசித்தவர்க்கு அதை இடுவது ஆகிய மூன்று காரியங்களும் ஒன்றையொன்று தாங்கி நின்றாலொழிய எந்த நகரமும் நிம்மதியாக உண்ண முடியாது என்பதே அடையாற்றங்கரையின் ஒன்றரை நூற்றாண்டுச் சரித்திரம் நமக்குக் கற்பிக்கும் பாடம் என்று நான் கருதுகிறேன். அம்மூன்றும் தனித்தனியே சிறப்பாக நடந்த காலங்கள் இங்கே உண்டு. மூன்றும் கைகோத்து நடந்த காலம் மிகக் குறைவு. அவற்றைச் சேர்க்கும் முயற்சிகள் இன்று சிறிய அளவில் இவ்வட்டாரத்தில் தென்படுவதால், பழைய வரலாற்றைச் சற்று நிதானமாகப் புரட்டிப் பார்ப்பது பயனுள்ளதாகும்.

1876-ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. குளம் குட்டைகள் வறண்டன. கிராமங்களில் கூலி வேலை நின்றது. உழவுத் தொழிலாளர் குடும்பங்கள் முதலில் பாத்திரங்களையும் பின்னர் மாடுகளையும் இறுதியில் கூரை மரங்களையும் விற்றுவிட்டுப் பட்டணத்தை நோக்கி நடந்தார்கள். பட்டணத்தில் அவர்கள் கண்ட காட்சியோ விசித்திரமானது. கப்பல்களில் வந்து இறங்கிய தானிய மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் குன்றுகளாக அடுக்கப்பட்டுக் கிடந்தன. அரிசி வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்தவண்ணம் இருந்தது. வியாபாரம் தடையின்றி நடந்தது. அந்த அரிசியின் விலையைக் கொடுக்கத்தான் வந்தவர்களிடம் காசு இல்லை. அதே காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற கோதுமை சுமார் 3,20,000 டன் என்று கணக்கிடப்பட்டுள்ளது. சந்தையில் சர்க்கார் தலையிடலாகாது என்ற பொருளாதார சித்தாந்தத்தை வைசிராய் லிட்டன் பிரபு தெய்வ வாக்கைப் போல் பற்றிக்கொண்டிருந்தார்.

பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்துவதற்காக இந்திய சர்க்காரின் பிரதிநிதியாக 1877-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தெற்கே வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் ஈடுபட்ட ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம். நாள் முழுதும் மண் சுமக்கும் உடலுக்கு அது எம்மாத்திரம்? சென்னை ராஜதானியின் சுகாதார கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், உழைக்கும் மனிதனின் உடல் இவ்வளவு குறைந்த ஆகாரத்தில் நிலைக்காது என்று எழுத்து மூலமாக மறுத்து வாதாடினார். ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதனோடு காய்கறியும் பருப்பும் வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த வாதத்தின் பயனாகக் கூலி பின்னர் உயர்ந்தது. உயர்வதற்குள் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன. அந்தப் பஞ்சம் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் சுமார் 55 லட்சம் பேரைப் பலிகொண்டது என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு. 1877 ஆகஸ்டில் சென்னையில் கூடிய பொதுக்கூட்டம் லண்டன் மேயருக்கு விடுத்த வேண்டுகோளால் அங்கே பெரும் நிதி திரண்டது. அந்நிதியை நிர்வகித்த குழுவின் காரியதரிசியும் பத்திரிகாசிரியருமான வில்லியம் டிக்பி, இந்தக் க்ஷாமத்தின் வரலாற்றை இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதி வைத்தார்.

பஞ்சத்துக்குப் பின் அமைந்த விசாரணைக் கமிஷன் 1880-இல் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது: வறட்சி முதலில் பறிப்பது விவசாயத் தொழிலாளியின் வேலையை, வேலை போனதும் கூலி போகிறது, கூலி போனதும், பக்கத்திலேயே தானியம் இருந்தாலும் அது அவனுக்கு எட்டாமற் போகிறது. கடற்கரையில் மூட்டைகளும், அவற்றுக்குச் சில மைல் தூரத்தில் மண்கூடை சுமக்கும் எலும்புக்கூடுகளும் ஏககாலத்தில் இருந்தது அதனால்தான். அங்காடி நிறைந்திருப்பதும் வயிறு நிறைவதும் வெவ்வேறு விஷயங்கள் என்பதற்குச் சென்னை நகரம் கண்ட பிரத்யக்ஷமான சாட்சியம் அது.

இதே அடையாற்றின் கரையில், சற்று மேற்கே சைதாப்பேட்டையில், அந்தப் பஞ்சம் தொடங்கிய அதே 1876-ஆம் ஆண்டில் ஒரு விவசாயப் பள்ளிக்கூடம் தொடங்கப்பட்டது என்பதை அறியும்போது காலத்தின் சேர்க்கையை எண்ணி வியக்காமல் இருக்க முடியவில்லை. கவர்னர் சர் வில்லியம் டெனிசன் 1865-இல் அங்கே ஒரு பரிசோதனைப் பண்ணையை நிறுவியிருந்தார். சீமையிலிருந்து கலப்பைகளையும் நீராவி இயந்திரங்களையும் தருவித்து, புதிய விதைகளையும் எருக்களையும் பரீட்சித்துப் பார்ப்பது அதன் நோக்கம். அந்தப் பண்ணையோடு இணைந்த பள்ளியே பின்னர்க் கல்லூரியாக வளர்ந்து, 1906-ஐ ஒட்டிக் கோயம்புத்தூருக்குச் சென்று, இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு மூலமாயிற்று. இன்று நெருக்கடி மிகுந்த சைதாப்பேட்டைக் கடைவீதியில் நடப்பவர்களுக்கு, தென்னிந்தியாவின் விவசாய விஞ்ஞானம் அந்த மண்ணில் முளைத்தது என்று சொன்னால் நம்புவதே கஷ்டமாக இருக்கும். ஒரு கரையில் அதிக விளைச்சலுக்கான ஆராய்ச்சி. சிறிது தூரத்தில் பட்டினிக்கான நிவாரண வேலை. இரண்டுக்கும் நடுவே எந்தச் சம்பந்தமும் ஏற்படவில்லை.

பசித்தவர்க்குச் சோறிடும் வழக்கமோ தமிழ்நாட்டில் அந்நிய ஆட்சிக்கு எவ்வளவோ முந்தியது. மணிமேகலையின் கையில் அமுதசுரபி என்னும் அட்சய பாத்திரத்தைக் கொடுத்து, துறவின் பயனே பசிப்பிணி போக்குவதுதான் என்று காட்டிய காவியம் நம்முடையது. சென்னையில் ஏழுகிணறுப் பகுதியில் பல ஆண்டுகள் வாழ்ந்த இராமலிங்க வள்ளலார், 1867-இல் வடலூரில் ஏற்றிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணையவில்லை. 1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையெடுப்பை ஒட்டி நேர்ந்த பஞ்சத்தில், வடசென்னையில் அகதிகளுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக ஏற்பட்ட மணியக்காரர் சத்திரம், நோயாளிகளையும் பேணத் தொடங்கிப் படிப்படியாக ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது; நெடுங்காலம் வரை ஜனங்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்து வந்தார்கள். மயிலாப்பூரில் பங்குனி மாதம் அறுபத்துமூவர் உற்சவத்தன்று, கபாலீசுவரர் கோயிலின் நான்கு மாட வீதிகளிலும் அவற்றைச் சூழ்ந்த தெருக்களிலும் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை, பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் பொங்கலும் புளியோதரையும் வந்தவர்க்கெல்லாம் வழங்குகிறார்களே, அந்த ஒரு நாளில் அந்தப் பேட்டையில் எவரும் பசியோடு திரும்புவதில்லை.

இந்தத் தர்மத்துக்கு வேண்டிய அரிசியும் காயும் எங்கிருந்து வந்தன? அடையாற்றின் தென்கரை, 1882-இல் பிரம்மஞான சபை ஹடில்ஸ்டன் தோட்டத்தை வாங்கிக் குடியேறிய காலத்தில், தோப்புகளும் தோட்டங்களும் மீனவர் குப்பங்களும் நிறைந்த கிராமப் பிரதேசமாகவே இருந்தது. சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் 1894-இல் தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்காக இலவசப் பள்ளியைத் தொடங்கியதும் ஊரூர் என்ற அந்தக் கிராமத்துப் பக்கத்தில்தான். நகருக்கு வேண்டிய விறகும் உப்பும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் நெல்லும் காய்கறியும் பக்கிங்ஹாம் கால்வாயில் படகேறி வந்தன. பஞ்சத்தில் வெட்டிய வாய்க்கால், பஞ்சம் தீர்ந்தபின் பல தலைமுறைகளுக்கு நகரத்தின் அடுப்பை எரித்தது என்று சொன்னால் மிகையாகாது. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் சந்தையும், சைதாப்பேட்டை மார்க்கெட்டும், மயிலாப்பூர் தண்ணீர்த்துறை மார்க்கெட்டும் சுற்றுப்புறக் கிராமங்களின் விளைச்சலைத் தென்சென்னைக்கு ஊட்டி வந்தன.

வடக்கே கொத்தவால் சாவடியோ மொத்த வியாபாரத்தின் ராஜ்யமாக விளங்கியது. அந்த அங்காடிக்கு உரிமை பூண்டது கன்னிகா பரமேசுவரி தேவஸ்தானம் என்பதும், கடை வாடகையாக வந்த வருமானம் கோயிலுக்கும் தர்ம ஸ்தாபனங்களுக்கும் பயன்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கவை. வணிகத்தின் லாபம் தர்மத்துக்குப் போகும் ஏற்பாடு அங்கே இருந்தது; ஆனால் விளைவித்த விவசாயிக்கும் அந்தத் தர்மத்துக்கும் நடுவே தரகரும் கமிஷன் மண்டிக்காரரும் ஏற்றுக்கூலி இறக்குக்கூலிக்காரரும் என்று பல படிகள் இருந்தன.

இந்தப் படிகளைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் சென்னையில் கூட்டுறவு இயக்கமாகத்தான் முதலில் உருப்பெற்றது. 1904-இல் திருவல்லிக்கேணியில் சிலர் கூடித் தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கம், இந்தியாவின் மிகப் பழைய நுகர்வோர் கூட்டுறவுகளுள் ஒன்று. அதன் ஸ்தாபகர்களுள் மகாகனம் சீனிவாச சாஸ்திரியாரும் ஒருவர். கலப்படமில்லாத அரிசியையும் பருப்பையும் நியாயமான விலையில் அங்கத்தினர்களுக்கு விற்று, வந்த லாபத்தையும் அவர்களுக்கே பகிர்ந்தளித்த அந்தச் சங்கம், நடுத்தர வகுப்பினரின் சமையலறையைக் காத்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றுபோயிற்று. மறு ஆண்டு முதல் நகரத்தில் ரேஷன் வந்தது. வீட்டுக்கு வீடு அட்டையும், கடைக்குக் கடை வரிசையுமாகச் சென்ற அந்த ஆண்டுகள் 1952-இல் ராஜாஜி ரேஷனை எடுத்ததும் முடிவுற்றன. 1967-இல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டது. ரேஷன் கடை இன்று தமிழ்நாட்டு ஏழைக் குடும்பங்களின் அஸ்திவாரமாக நிற்பதற்குப் பின்னால் இத்தனை சரித்திரமும் இருக்கிறது.

குழந்தைகளின் பசியைப் பொறுத்தவரை சென்னை நகரசபைக்கு ஒரு பெருமை உண்டு. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த நகரசபை, ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் மதிய உணவளிக்கத் தீர்மானித்தது. மற்றச் சில பள்ளிகளுக்கும் பரவிய அந்தத் திட்டம், ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்யக்கூடாது என்று சர்க்கார் ஆட்சேபித்ததால் 1925-இல் நின்று, 1927-இல் மீண்டும் உயிர்பெற்றது. காமராஜர் 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கி மாநிலமெங்கும் அதைக் கொண்டுசென்றார். 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. பெரியவர்களுக்காக 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி திறந்த அம்மா உணவகங்கள், இட்லி ஒரு ரூபாய்க்கும் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய்க்கும் தயிர் சாதம் மூன்று ரூபாய்க்கும் கொடுத்து, மகளிர் சுய உதவிக் குழுக்களின் கைகளாலேயே நடந்தன. அன்னமிடும் காரியத்தில் இந்நகரம் காட்டிய சிரத்தைக்கு ஈடாக வேறு நகரங்களைச் சொல்வது எளிதன்று.

இந்த அன்னத்தின் மறுபுறத்தில் இருந்த விவசாயியின் கதி என்ன ஆயிற்று? 1948-ஐ ஒட்டிக் கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தின் முயற்சியால் அடையாற்றில் காந்தி நகர் எழுந்தது. அதன்பின் கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், சாஸ்திரி நகர், பெசன்ட் நகர் என்று வரிசையாக வீட்டு மனைகள் பெருகின. தோப்புகள் தெருக்களாயின. காய்கறி இன்னும் தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று. 1996-இல் கொத்தவால் சாவடியின் நெருக்கடி தீரக் கோயம்பேட்டுக்கு மொத்த அங்காடி மாற்றப்பட்டபோது, நகரம் முழுவதும் ஒரே வாசல் வழியாக உண்ணத் தொடங்கியது. ஆந்திரத்துத் தக்காளியும் கர்நாடகத்துக் கோஸும் நள்ளிரவில் லாரிகளில் வந்திறங்கி, விடிவதற்குள் விலையாகி, அடையாற்றின் தள்ளுவண்டிக்கு வந்து சேர்ந்தன. செங்கற்பட்டுப் பக்கத்துச் சிறு விவசாயிக்குக் கோயம்பேட்டின் பெரிய தராசில் எவ்வளவு மரியாதை இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

கீரை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். வேரோடு பிடுங்கும் முளைக்கீரையும் சிறுகீரையும், அறுத்தெடுக்கும் அரைக்கீரையும் விடியற்கருக்கலில் பாத்தியிலிருந்து எடுக்கப்பட்டு, மண்போக நீரில் அலசி, நார் கொண்டு கட்டாகக் கட்டப்பட்டு, ஈரச்சாக்கு போர்த்திக்கொண்டு புறப்படுகின்றன. காலை ஆறு மணிக்கு அந்தக் கட்டுக்கு ஒரு விலை. வெயில் ஏறிப் பத்து மணியானால் பாதி விலை. உச்சியானால் இலை துவண்டு, விலையே இல்லை. மண்டிக்காரன் இந்தக் கடிகாரத்தை நன்கு அறிவான். பேரம் பேசும்போது அவன் அவசரப்படுவதில்லை, அவசரப்பட வேண்டியவன் விவசாயி. துவண்ட கட்டைத் திரும்பச் சுமந்துபோகும் கூலி கட்டுபடியாகாது என்பதால், கிடைத்ததை வாங்கிக்கொண்டு, மிஞ்சியதைச் சாக்கடையோரத்தில் கொட்டிவிட்டு அவன் பஸ் ஏறுகிறான். இரும்புச் சத்துக் குறைந்து சோகை பிடித்த தாய்மார்கள் அதே நகரத்தின் குப்பங்களில் இருக்கும்போதுதான் அந்தக் கீரை சாக்கடையோரத்தில் அழுகுகிறது.

இந்த அநியாயத்துக்குப் பரிகாரமாகத் தமிழ்நாட்டில் எழுந்ததே உழவர் சந்தை. பஞ்சாபில் 1987-இல் தோன்றிய அப்னி மண்டியும், ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் தோன்றிய ரைத்து பஜாரும் அதற்கு முன்னோடிகள். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல்வர் கருணாநிதி முதல் உழவர் சந்தையைத் திறந்துவைத்தார். அதன் அமைப்பு எளிமையும் நுணுக்கமும் ஒருங்கே கொண்டது. விளைவிப்பவர்தானா என்பதை நிலத்தை நேரில் பார்த்து உறுதிசெய்தபின் அதிகாரிகள் அடையாள அட்டை கொடுப்பார்கள். அட்டை உள்ளவருக்குக் கடை வாடகையின்றிக் கிடைக்கும். தராசும் சந்தையே தரும். தரகரும் கமிஷனும் கிடையாது. அதிகாலையில் மொத்தச் சந்தையின் நிலவரத்தைக் கேட்டறிந்து, அதைவிட ஏறத்தாழ இருபது சதவிகிதம் கூடுதலாகவும், வெளிக்கடைச் சில்லறை விலையைவிட ஏறத்தாழ பதினைந்து சதவிகிதம் குறைவாகவும் விலையை நிர்ணயித்துக் கரும்பலகையில் எழுதிவிடுவார்கள். விற்பவனுக்கும் லாபம், வாங்குபவனுக்கும் லாபம். கூடையோடு பஸ்ஸில் வர வசதி செய்து கொடுத்ததும் அதன் வெற்றிக்கு ஒரு காரணம். 2001-க்குப் பின் சில ஆண்டுகள் கவனிப்பாரற்றுப் பல சந்தைகள் வாடின. 2006-க்குப் பின் மீண்டும் துளிர்த்தன. அரசியல் எவ்வாறாயினும், தன் விளைபொருளின் விலையைக் கரும்பலகையில் எழுத்தாகக் கண்ட கௌரவத்தை அந்தச் சந்தை முதன்முறையாக விவசாயிக்கு அளித்தது. ஆயினும் இந்த நன்மை பெரும்பாலும் மாவட்ட நகரங்களுக்கே கிட்டியது. சென்னையில் புறநகர்கள் சிலவற்றோடு நின்றுவிட்டது.

தென்சென்னையில் அந்த இடைவெளியை நிரப்ப முயன்றவர்கள் தன்னார்வலர்கள். இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடியும் தறுவாயில், ரசாயன எருவும் பூச்சிமருந்தும் இல்லாமல் விளைவிக்கும் விவசாயிகளின் பொருள்களை நேரடியாக நகரத்தவரிடம் சேர்ப்பதற்காகக் கொட்டிவாக்கத்தில் ‘ரீஸ்டோர்’ என்ற கடை, லாப நோக்கமின்றித் தொண்டர்களாலேயே நடத்தப்பட்டது. அதைப் போன்ற நோக்கத்தோடு ‘ஆர்கானிக் ஃபார்மர்ஸ் மார்க்கெட்’ அடையாற்றில் இயங்கியது. இயற்கை வேளாண்மைக்காகக் கிராமம் கிராமமாக நடந்து, 2013-ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்த நம்மாழ்வாரின் பிரசாரம் இவர்களில் பலரைத் தூண்டியது. மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி, பூங்கார் என்று பாட்டிமார் நாவில் மட்டும் எஞ்சியிருந்த நெல் ரகங்கள், திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் போன்றோரின் விதைத் திருவிழாக்களிலிருந்து புறப்பட்டு அடையாற்றின் சமையலறைகளுக்கு வந்து சேர்ந்தன. விவசாயிக்கு நியாயமான பங்கு கிடைக்க வேண்டும் என்பதை விலை நிர்ணயத்தின் முதல் விதியாக வைத்தது இவர்களின் சிறப்பு.

பசியின் பக்கத்திலும் ஒரு புதுமை தோன்றியது. 2017 ஆகஸ்டில் பெசன்ட் நகரில், கடற்கரைக்கு அருகே, ‘ஐயமிட்டு உண்’ என்ற பெயரில் ஒரு பொதுக் குளிர்சாதனப் பெட்டி வைக்கப்பட்டது. வீட்டிலோ ஹோட்டலிலோ மிகுதியான நல்ல உணவை எவரும் அதில் வைக்கலாம். பசித்தவர் எவரும், கையேந்தாமல், கதவைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். துணியும் புத்தகமும் வைக்கப் பக்கத்தில் அலமாரியும் உண்டு. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை என்ற ஏற்பாட்டில், பெறுபவரின் மானத்தைக் காக்கும் மேலான நாகரிகம் இருக்கிறது. நகரின் வேறு பகுதிகளும் அதைப் பின்பற்றின.

இரண்டு பெரும் சோதனைகள் இந்த ஏற்பாடுகளைப் பரீட்சித்தன. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் செம்பரம்பாக்கம் ஏரி நீரும் மழைநீரும் சேர்ந்து அடையாறு கரைபுரண்டபோது, கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் முழுக, குப்பத்து மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருக்களில் செலுத்தி மக்களைக் காத்தார்கள். அக்கம்பக்கத்து வீடுகளும் கோயில்களும் மசூதிகளும் தேவாலயங்களும் சமைத்துப் பொட்டலம் கட்டின. 2020 மே மாதத் தொடக்கத்தில் தொற்றுநோயின் காரணமாகக் கோயம்பேடு மூடப்பட்டபோதோ, ஒரே வாசல் வழியாக உண்ணும் நகரத்தின் பலவீனம் வெட்டவெளிச்சமாயிற்று. ஒருபுறம் விவசாயிகள் விலையில்லாமல் காய்களை உழுது மண்ணில் மூட, மறுபுறம் நகரத்தில் காய்கறி விலை ஏற, தினக்கூலிக்காரர்கள் அம்மா உணவகங்களின் வாசலில் நின்றார்கள். தாது வருஷத்தில் மூட்டைகளும் பட்டினியும் ஒரே நகரத்தில் இருந்ததைப் போன்ற ஒரு நிலை, சிறிய அளவில், நம் கண் முன்னால் நடந்தது.

இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்க்கையில் குறை எங்கே என்பது விளங்குகிறது. இயற்கை அங்காடியில் விவசாயிக்கு விலை கிடைக்கிறது. ஆனால் அந்த விலை குப்பத்துத் தாய்க்கு எட்டுவதில்லை. குளிர்சாதனப் பெட்டியில் பசித்தவனுக்கு உணவு கிடைக்கிறது. ஆனால் அது மிச்சத்தை நம்பியே இருக்கிறது. சத்துணவும் அம்மா உணவகமும் கோயில் அன்னதானமும் நாள்தோறும் பெருமளவு தானியமும் காயும் வாங்குகின்றன. அவை எந்த விவசாயியிடமிருந்து வருகின்றன என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. வேளாண்மைக்குச் செய்யும் உதவி ஒரு துறை. பசிக்குச் செய்யும் உதவி வேறு துறை. நடுவே அங்காடி தன் வழியில் போகிறது.

இம்மூன்றையும் சேர்த்துக் காட்டிய தேசங்கள் இருக்கின்றன. பிரேசில் நாட்டின் பெலோ ஒரிசாந்தே நகரம் 1993-இல், உணவு பெறுவது பிரஜையின் உரிமை என்று வகுத்து, மலிவு விலை உணவகங்களைத் திறந்ததோடு, சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகள் நகரத்தின் பொது இடங்களில் நேரடியாக விற்கவும் இடம் ஒதுக்கியது. 2009-இல் அந்நாடு இயற்றிய சட்டம், பள்ளி உணவுக்காக மத்திய அரசு தரும் பணத்தில் முப்பது சதவிகிதத்துக்குக் குறையாமல் குடும்ப விவசாயிகளிடமிருந்து கொள்முதல் செய்ய வேண்டும் என்று விதித்தது. பள்ளிக் குழந்தையின் தட்டு விவசாயிக்கு நிச்சயமான வாடிக்கையாயிற்று. ஒரே ரூபாய் இரண்டு வீடுகளின் அடுப்பை எரிக்கும் வித்தை இது. பள்ளி உணவில் அவர்களுக்கு எவ்வளவோ முந்திய பாரம்பரியம் உடைய சென்னைக்கு இது கைவராதா?

கைவரும் என்பதே என் துணிபு. அடையாற்றிலும் பெசன்ட் நகரிலும் மயிலாப்பூரிலும் மாநகராட்சியின் விளையாட்டு மைதானங்களும் பள்ளி வளாகங்களும் இருக்கின்றன. வாரத்தில் இரண்டு காலை வேளைகள் அவற்றில் உழவர் சந்தை கூடட்டும். செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டத்து விவசாயிகள் அடையாள அட்டையோடு வந்து, கரும்பலகை விலைக்கு விற்கட்டும். பத்து மணிக்கு மேல் மிஞ்சும் கீரையையும் காயையும் இலவசமாகப் பறித்துக்கொள்ளாமல், குறைந்த விலைக்கேனும் காசு கொடுத்து, அம்மா உணவகமும் சத்துணவுக் கூடமும் கோயில் அன்னதானமும் வாங்கிக்கொள்ளட்டும். குடியிருப்போர் சங்கங்கள் மாதந்தோறும் ஒரு சிறு நிதி ஒதுக்கி, அந்த விலையில் ஒரு பங்கை ஏற்கட்டும். இதற்குப் புதிய சட்டமோ பெரும் மூலதனமோ வேண்டியதில்லை. வேண்டியது, ஏற்கெனவே செலவாகும் பணம் எந்தத் திசையில் போகிறது என்று கவனிக்கும் சிரத்தை ஒன்றே.

பசித்தவனுக்குச் சோறிடும் தர்மத்தில் சென்னை என்றும் பின்வாங்கியதில்லை. அந்தச் சோற்றை விளைவித்தவனுக்கு உரிய விலையைக் கொடுத்து வாங்கி இடும்போதுதான் தர்மம் நீதியாகவும் ஆகிறது. இதைப் படிக்கும் அன்பர்கள் தங்கள் பகுதி மாமன்ற உறுப்பினரிடமும், தங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலும் இந்தக் கோரிக்கையை எழுப்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.